எந்தப் பர்சோ?

மூசி ஆற்றங்கரையில் நடக்க, சைக்கிள் ஓட்ட டிராக் வந்த பிறகு ஹப்சிகுடா வீடுகளில் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு தொப்பையைக்கூடப் பார்க்க முடியாது. அத்தனையும் ஆற்றங்கரைக்குப் போயிருக்கும்.

நாலரை கிலோமீட்டர் டிராக். இந்த முனையில் உப்பல் பக்கத்துக் காலனிகளின் கேட், அந்த முனையில் நாகோல் கேட். நடுவில் கடை கிடையாது, வீடு கிடையாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆள் உயரத்துக்கு எருமைப்புல். சைக்கிளுக்குப் பச்சை, நடப்பவர்களுக்குச் சிவப்பு என்று தார் மேல் வண்ணம் அடித்திருக்கிறார்கள். எருமைகள் பேதம் பாராமல் இரண்டிலும் நடக்கும். கொசுக்களோ ஓட்டுரிமை கேட்கிற வயசுக்கு வளர்ந்தவை. ஆற்றில் வெள்ளை நுரை இட்லி மாவு பொங்கினதுபோல் மேலேறி வரும். நாகோலில் மூக்கைப் பொத்தினவர் அம்பர்பேட்டை தாண்டித்தான் கையை எடுப்பார். ஆனாலும் போவோம். டாக்டர் சொல்லியிருக்கிறாரே.

டிசம்பர் பிறந்ததும் பனி இறங்கியது. பனி என்றால் பனி. முன்னால் நடந்தவர் சட்டைக்காலரைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வருகிறவர் நடந்தார். அப்படி ஒரு காலையில்தான் எங்கள் முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, 'டிங்'. நான் ஒதுங்கினேன். எனக்கு முன்னால் போன பதினாறு பேரும் ஒதுங்கினார்கள். புல் கட்டோடு வந்த எருமை வண்டிகூட ஒதுங்கியது. ஈரக் காற்று ஒன்று எங்கள் காதோரம் உரசிப் போயிற்று. சைக்கிள் எதுவும் போகவில்லை. கொஞ்ச நேரம் ஓரத்திலேயே நின்றோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கத் தொடங்கினோம். நடைக்காரர்கள் தங்கள் சர்க்கரை அளவைத் தெருவுக்கே சொல்வார்கள். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு என்னுடையது. மேல்வீடு கிதியோனுடையது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா வடாற்காட்டிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயில் ஏறி வந்தவர். செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, மேலே ஏரி மதகுகளைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கிதியோன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிராக்கைப் பார்த்து வரக் கிளம்பினார். தண்ணீர் வடிந்ததும் மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் சைக்கிள் கிடைத்தது. கிடந்தது என்று சொல்ல முடியாது. ஸ்டாண்டு போட்டு, பூட்டி, துடைத்து வைத்ததுபோல் நின்றது. சாவி கிடைக்கவில்லை. அவரும் கிடைக்கவில்லை.

மகன் பிளஸ்ஸன் போகாத போலீஸ் ஸ்டேஷன் இல்லை, பார்க்காத பிணவறை இல்லை. பதினோரு வாரம் ஆயிற்று. அவன் கச்சிபௌலி ஆபீஸுக்குப் போகவேண்டும். சபையில் பாஸ்டரும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நினைவு ஆராதனை வைத்துவிடலாமே என்றார். டிசம்பர் இருபது, சனிக்கிழமை என்று பேசினார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். ஆராதனைக்குக் கார்டு அடிக்க வேண்டும். கார்டில் படம் வேண்டும். படத்துக்குக் கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள்' என்று ஒரு வரி வேண்டும். அந்த வரியில்தான் கிதியோனின் மனைவி ஞானசௌந்தரி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் நான் மேலே போனபோது சாப்பாட்டு மேஜையில் மாவு பரத்தி, ஃபோர்க்கின் முதுகில் உருட்டி உருட்டிக் கல்கல் செய்துகொண்டிருந்தார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுட மாட்டார்கள். பால்கனியில் நட்சத்திரமும் கட்ட மாட்டார்கள். இவர் டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் கட்டிவிட்டார். அது சின்ன நட்சத்திரமா? அதைப் பார்த்து ஷம்ஷாபாதில் விமானம் வழி மாறியிருக்கும். சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவருவதா, இல்லை இந்த வீட்டிலிருந்து வரும் என்று காத்திருப்பதா என்று தெரியாமல் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"மம்மி, பிரஸ்காரர் மூணு வாட்டி போன் பண்ணிட்டார்" என்றான் பிளஸ்ஸன். "வெள்ளிக்கிழமை காலைல ஒம்போது மணிதான் லாஸ்ட். ட்வென்டி செவன்த் செப்டம்பர்னு போட்டுடலாம்."

"அது வீட்ட விட்டுப் போன தேதி."

"அதான் மம்மி..."

"போன தேதி எனக்குத் தெரியும், நான்தான் கதவைத் தொறந்து வுட்டேன். செத்த தேதி எவன் கண்டான்? நீ கண்டியா? உங்க பாஸ்டர் கண்டாரா? தெரியாத தேதியப் போட்டு ஜனத்துக்குக் கார்டு குடுப்பியா? நக்கோ பையா, வேணாம். எண்ணெ காயுது, தள்ளி நில்லு."

"சார், நீங்களாவது சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தான்.

கல்கல் சூடாக இருந்தது. அதில் ஒரு இருபத்தேழு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மருமகள் கரோலின் சர்க்கரைப் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டைப் பெண். கல்யாணமாகி வந்து ஒன்பது மாதம்தான். வந்த புதிதில் மாமியார் "கைக்கு?" என்று கேட்டால் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். 'ஏன்' என்றுதான் கேட்கிறார் என்பது புரியவே ஒரு மாதம் ஆயிற்று. பரீட்சை எழுதிப் படித்த ஹிந்தி அவளுடையது. இந்த ஊர் ஹிந்தி எந்தப் பரீட்சையும் எழுதாதது.

மறுநாள் வியாழன், காலை ஏழு மணிக்கு அந்தப் பெண் டிராக்கிலிருந்து ஓடி வந்தாள். ஓட்டமா அது? மாடிப்படி ஒன்றில்கூட அவள் கால் படவில்லை.

"அத்தே! அத்தே! மாமாவப் பாத்திருக்காவ!"

நான் பனியனோடு பின்னாலேயே ஏறினேன். ஞானசௌந்தரி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். கிதியோன் போன பிறகு, அக்டோபரில், கை சும்மா இருக்க முடியாமல் நூல் வாங்கி ஆரம்பித்தது. கத்தரிப்பூ நிறம். உடம்பும் ஒரு கையும் முடிந்திருந்தன. இன்னொரு கை ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா பாத்தது? மூச்சு வுட்டுச் சொல்லு."

"கேட்டுல வாட்ச்மேன் நிக்காருல்லா, கௌஸ் பாய். வெள்ளத்துல இருந்து லீவுல ஜஹீராபாத் போயிட்டு, இந்த மாசம் ஒண்ணாந்தேதிதான் வந்தாராம். அவருக்கு விசயமே தெரியல. நான் போன்ல போட்டோவக் காட்டினேன். ஹவ், பர்சோ தேக்கா, ஆமா பாத்தேன்னு சொல்லுதாரு! சைக்கிள்ல போனாவளாம்!"

"பர்சோவா?"

"ஆமா அத்தே! பர்சோன்னா முந்தாநாத்து. செவ்வாக்கிழமை! மாமா உசுரோட இருக்காவ!"

ஞானசௌந்தரி ஊசியை மடியில் வைத்தார். சிரித்தார்.

"அடிப் பொண்ணே. அது உன் புஸ்தகத்துல முந்தாநாத்து. இந்த ஊர்ல பர்சோன்னா நேத்து இல்லாத எந்த நாளும் பர்சோதான். என் கல்யாணம் பர்சோ. உன் புருஷன் பொறந்தது பர்சோ. கடைசி நிஜாம் மௌத்தானதும் பர்சோதான். கௌஸு தெனமும் கேட்ல இருந்தவன், வெள்ளத்துக்கு முன்னாடி அவர தெனமும் பாத்தவன். அத்தச் சொல்லியிருப்பான்."

கரோலின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னத்தக் கண்டேன் அத்தே... கர்த்தரே ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டே ஓடியாந்தேன்."

"போவட்டும். போய் காப்பி போடு. சாருக்கும் சேத்து."

காப்பி வந்தது. ஞானசௌந்தரி தம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். ஆடை கட்டி, ஆறி, ஈ உட்கார்ந்தது.

"சார், நீங்க நாளைக்கி எத்தினி மணிக்குப் போவீங்க டிராக்குக்கு?"

"அஞ்சரைக்கு. ஏன்?"

"நானும் வரேன். எந்தப் பர்சோன்னு அவனையே கேட்டுடலாம்."

வெள்ளிக்கிழமை மூவரும் போனோம். அன்றைய பனியை வெட்டி எடுத்துச் சுவர் கட்டியிருக்கலாம். கேட்டின் சோலார் விளக்கு தண்ணீரில் விழுந்த முட்டை மஞ்சள்போல் தெரிந்தது. அதன் கீழே கௌஸ், குல்லாவும் மஃப்ளருமாக, மூக்கு மட்டும் வெளியே வைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஞானசௌந்தரிக்கும் அவருக்கும் நடந்த பேச்சு முழுக்க இந்த ஊர் உருதுதான். நான் தமிழில் சொல்கிறேன்.

"கௌஸ் பாய், எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன்னீங்களாம்."

"ஹவ் அம்மா. பர்சோ பாத்தேன்."

"எந்தப் பர்சோ?"

"பர்சோமா. பர்சோன்னா பர்சோ."

"மழைக்கு முன்னாடி பர்சோவா, பின்னாடி பர்சோவா?"

கௌஸ் தாடியைச் சொறிந்தார். "கைக்கு கேக்குறீங்கம்மா? பெரியவர் நல்லாத்தானே இருக்கார்?"

கிதியோன் காணாமல் போனதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்ன போட்டிருந்தார்?"

"ஸ்வெட்டர். பேங்கன் கலர்."

பேங்கன் என்றால் கத்தரிக்காய்.

"அதான் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது" என்றார் கௌஸ். "ஒரு கை இருந்தது, ஒரு கை இல்ல. கைக்கு சாப், தையக்காரன் துணியத் திருடிட்டானான்னு கேட்டேன். பதில் சொல்லாம போயிட்டார். எப்பவும் சலாம் சொல்றவர்."

செப்டம்பரில் இந்த ஊரில் எவனும் ஸ்வெட்டர் போட மாட்டான். அந்த ஸ்வெட்டருக்கு அப்போது ஒரு முடிச்சுகூட விழவில்லை. வீட்டில் நாற்காலி மேல், ஊசியோடு, நாங்கள் கதவைச் சாத்தும்போதும் அது இருந்தது; நானே பார்த்தேன்.

ஞானசௌந்தரி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம் போனார்?"

"நாகோல் பக்கம். தெனமும் நாகோல் பக்கம்தான். திரும்பி வந்து நான் பாக்கல."

"தெனமுமா?"

"பனி ஆரம்பிச்சதுல இருந்து தெனமும்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்கில் இறங்கினார்.

"அத்தே, நாலரை கிலோமீட்டர்! உங்களுக்கு முட்டுவலி!"

"உனுக்கு பயமா இருந்தா நீ நில்லுமா."

"பயந்தான். அதுக்காண்டி உங்கள ஒத்தையில விட்டுருவேனா?" என்று அவர் கையைக் கோத்துக்கொண்டாள் கரோலின்.

எனக்குப் பயமே இல்லை. கரோலினின் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தது குளிருக்காக.

புல் அறுக்கிறவர்கள் வேலையில் இருந்தார்கள். பனிக்கு மேலே தலைகள் மட்டும் மிதந்தன; 'சரக் சரக்' என்று அரிவாள் சத்தம் கீழேயிருந்து வந்தது. ஒரு தலை எங்களைப் பார்த்துவிட்டு மூழ்கிப்போயிற்று. ஆறு தெரியவில்லை, அதன் வாடை மட்டும் எங்களோடு நடந்து வந்தது. மூன்றாவது கல்லில் ஞானசௌந்தரி நிற்பார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கல்லைச் சுற்றித் தார் ஈரமாக இருந்தது. அங்கிருந்து சன்னமாக, ஒரு சைக்கிள் சக்கரத்தின் அகலத்துக்கு, ஒரு ஈரக்கோடு பச்சைப் பாதையின் நடுவே நாகோல் பக்கம் நேராகப் போயிற்று. சக்கரம் என்றால் போகும்போது கொஞ்சம் கோணும். இது கோணவே இல்லை.

நாகோல் கேட்டில் யாதம்மாவின் டீ வண்டி. ஸ்டவ் எரிகிற நீல வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. யாதம்மா நல்கொண்டா பக்கத்துக்காரி. நாற்பது வயசு இருக்கும். வாய்க்கு மட்டும் தொண்ணூறு. இஞ்சி தட்டிக்கொண்டே எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். ஞானசௌந்தரி தெலுங்கில் விசாரித்தார்.

"கத்தரிப்பூ ஸ்வெட்டரா? ஒத்தைக் கை? ஆமா, வருவார். இப்பதான், நீங்க வர்றதுக்கு ஒரு கெட்டில் முன்னாடி வந்துட்டுப் போனார்."

கரோலின் போனில் இருந்த படத்தை நீட்டினாள். யாதம்மா பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். "முகம் நான் பாத்ததில்லம்மா. அதோ, அந்தத் தண்ணிக் குழாய்ப் பக்கம் திரும்பித்தான் நிப்பார். டீ வேணுமான்னா வேணாம்பார். நின்ன எடமெல்லாம் தண்ணி. குளிச்சிட்டுத் தொடைக்காம வர்ற மனுஷன் போலன்னு நெனச்சுக்குவேன்."

"ஒண்ணும் பேச மாட்டாரா?"

"ஒண்ணே ஒண்ணு கேப்பார். இன்னிக்கித் தேதி என்னன்னு. சொன்னா, சரின்னுட்டுப் போயிடுவார். மறுநாள் வந்து அதையே கேப்பார். உன் வீட்ல காலண்டர் இல்லையா பெரியவரேன்னு ஒருநாள் கேட்டேன். எழுதணும்ன்னார்."

"எழுதணும்னா சொன்னாரு?"

"எழுதணும்னுதான் சொன்னார். பாவம், பேனா புடிக்கிறமாதிரி வெரல மடக்கிக்கிட்டே."

ஞானசௌந்தரி டீ வண்டியின் கம்பியில் சாய்ந்துகொண்டார். ஸ்டவ் இரைந்தது. பிறகு என்னைப் பார்த்துப் பேசினார், வீட்டுச் சமாசாரம் ஏதோ சொல்வதுபோல.

"பாய்லர் ரூம்ல ஒரு லாக் புக்கு இருக்கும் சார். உள்ள போனதும் மேல தேதி எழுதணும். மணிக்கு ஒருவாட்டி பிரஷர் எழுதணும். ஷிப்ட் முடிஞ்சா கீழ கையெழுத்து. தேதி போடாத பக்கத்துல கையெழுத்து போடக் கூடாது. கையெழுத்து போடாம பாய்லர வுட்டு வெளிய வரக் கூடாது. ஒருவாட்டி எவனோ லாக் புக்க எடுத்துட்டுப் போயிட்டான். இவரு பாட்டுக்கு ரெண்டு ஷிப்ட் அங்கியே நின்னுட்டாரு. கைக்குய்யா வூட்டுக்கு வர்லன்னு கேட்டா, எழுதாம எப்டி வர்றதுன்னாரு."

அந்த நேரத்தில் கரோலினின் போன் அடித்தது. பிளஸ்ஸன். கரோலின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கரோலின், எங்க போனீங்க எல்லாரும்? பிரஸ்காரர் லைன்ல இருக்கார். மம்மி ஓகே சொல்லிட்டாங்களா? ட்வென்டி செவன்த் போட்டுடவா?"

"போனக் குடு" என்றார் ஞானசௌந்தரி. "பிளஸ்ஸன், அலமாரில பைபிளுக்கு அடியில உங்கப்பா போட்டோ இருக்குது. எடுத்துக் குடுத்துடு."

அந்தப் பக்கம் அலமாரி திறக்கிற சத்தம். பிறகு, "தேதி, மம்மி?"

"இன்னிக்கித் தேதி."

"இன்னைக்கா? மம்மி, இன்னைக்கு நைன்டீன்த் டிசம்பர். எப்டி மம்மி... நாளைக்குதானே சர்வீஸ்? பாஸ்டர் என்ன சொல்வார்?"

"பத்தொம்போது பன்னெண்டு. அத்தப் போடு. பாஸ்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

போனைக் கரோலினிடம் கொடுத்தார். யாதம்மா மூன்று டீயை எங்கள் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

"யாதம்மா, நாளைக்கி அவர் வந்தா கேப்பார் இல்ல? தேதி போட்டாச்சுன்னு சொல்லு. ஞானசௌந்தரி எழுதிட்டா. ஷிப்ட் முடிஞ்சிச்சு, கௌம்பச் சொன்னான்னு சொல்லு."

"இதையேவா சொல்லணும்?"

"இதையேதான். ஒரு வார்த்த கூட்டாத, கொறைக்காத."

இஞ்சி தட்டுவதை யாதம்மா அப்போதுதான் நிறுத்தினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆராதனை. ஏழு மணிக்கே நான் ஆட்டோ பிடித்து, டிராக் வழியாக இல்லை, ரோட்டு வழியாக நாகோல் கேட்டுக்குப் போனேன். வெயில் வந்திருந்தது, பனியின் தடமே இல்லை. யாதம்மா என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தாரா?"

"வந்தார். கேட்டார். அம்மா சொன்னத அப்படியே சொன்னேன்."

"அதுக்கு?"

"கொஞ்ச நேரம் குழாயப் பாத்துட்டு நின்னார். அப்புறம் டீ கேட்டார், சார். மொத தடவையா. குடுத்தேன். நின்னு, ஊதி ஊதிக் குடிச்சார்."

"எந்தப் பக்கம் போனார்?"

"கிளாஸ் எடுக்கக் குனிஞ்சேன். நிமிந்தா இல்ல."

நான் சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாட்டு ஆரம்பித்துவிட்டது. கார்டை வைத்துக்கொண்டு ஜனங்கள் தேதியைப் படிப்பதும், கண்ணாடியைத் துடைப்பதும், மறுபடி படிப்பதுமாக இருந்தார்கள். முதல் பெஞ்சில் ஞானசௌந்தரி வெள்ளைப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் காய்ந்திருந்தது, எண்பத்து நாலு நாளில் அந்தக் கண்ணில் ஒரு சொட்டு நான் பார்த்ததில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்து யாதம்மா சொன்னதைச் சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. "டீ குடிச்சாரா?"

"குடிச்சாராம்."

"சக்கரை?"

"ரெண்டு ஸ்பூன். கேட்டு வாங்கினாராம்."

தோள் குலுங்கியது. கரோலின் பயந்துபோய் அவரைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுச் சத்தத்தையும் மீறி முழுச் சபைக்கும் கேட்கிற மாதிரி அழுகை வந்தது; அழுகைக்கு நடுவில் என்னிடம் சொன்னார்:

"பாத்தீங்களா சார், இந்த மனுஷன? முன்னூத்தம்பது இருக்குது அவருக்கு சுகர். கேக்க ஆளில்லன்னதும் ரெண்டு ஸ்பூன்!"